குட்டி ரயிலுக்கு அளவு கண்ட பாசெட் லோக்

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குக் கேஜ் என்று பெயர். நம் நாட்டின் பிராட்கேஜ் 1,676 மில்லி மீட்டர். மீட்டர் கேஜ் 1,000 மில்லி மீட்டர். ஒன்றில் ஓடும் வண்டி மற்றதில் ஓடாது. நடுவழி ஜங்ஷனில் இறங்கி, மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு வேறு வண்டிக்கு ஓடிய அனுபவம் பழைய பயணிகள் அனைவருக்கும் உண்டு.

பெரிய ரயிலுக்கு இருந்த இந்தத் தொல்லை, வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் ஓடும் மாடல் ரயிலுக்கும் இருந்தது. ஒரு கம்பெனியின் எஞ்சின் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் நிற்காது. நின்றாலும், எஞ்சின் யானை போலவும் பெட்டிகள் ஆட்டுக்குட்டி போலவும் தெரியும்.

அந்தக் குழப்பத்தில் ஒழுங்கைக் கொண்டுவர உழைத்தவர்களுள் முக்கியமானவர் வென்மன் ஜோசப் பாசெட் லோக் என்ற இங்கிலாந்துக்காரர். ரயில் பொம்மையை விளையாட்டுச் சாமான் என்ற நிலையிலிருந்து, அசலுக்கு ஒப்பான மாடல் என்ற நிலைக்கு உயர்த்திய வியாபாரி அவர்.

பாய்லர் பட்டறைப் பையன்

இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் நார்த்தாம்ப்டன் என்ற ஊர் உள்ளது. பூட்ஸ் தயாரிப்புக்குப் பெயர்போன ஊர். அங்கே 1877-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் ஜோசப் டாம் லோக், பாய்லர் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பட்டறையைத் தொடங்கியவர் அப்சலம் பாசெட். அவர் ஜோசப் டாமுக்கு மாற்றாந்தந்தை. அந்தப் பெரியவரின் பெயரையும் சேர்த்துத்தான் பேரன் பின்னாளில் பாசெட் லோக் ஆனார்.

பள்ளிப் படிப்பு 13 வயதோடு நின்றுவிட்டது. கட்டட வரைபட நிபுணர் ஒருவரின் ஆபீசில் சில காலம் வேலை பார்த்தார். அங்கே ஸ்கேல் போட்டு வரையும் வழக்கம் அவருக்குப் படிந்தது. ஒரு பெரிய மாளிகையை ஒரு தாளுக்குள் அடக்க வேண்டுமானால், ஜன்னல், கதவு, சுவர் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்தால் படம் பொய்யாகிவிடும். இந்தப் பாடம் கடைசி வரை அவருக்குக் கைகொடுத்தது.

பிறகு தகப்பனாரின் பட்டறைக்கே வந்து தொழில் கற்றார். சின்ன நீராவி எஞ்சின்களைச் சொந்தமாகச் செய்து பார்ப்பது அப்போது படித்த வாலிபர்களிடையே பரவிவந்த பொழுதுபோக்கு. ஆனால் அதற்கு வேண்டிய குட்டி வால்வு, குழாய், திருகாணி எல்லாம் கடையில் கிடைப்பது அரிது. அவற்றைச் செய்து விற்றால் என்ன என்று பாசெட் லோக் யோசித்தார்.

தபாலில் போன எஞ்சின்

பட்டறையின் கணக்குப்பிள்ளை ஹாரி பிராங்க்ளின். அவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, 1899-ம் ஆண்டில் தபால் மூலம் சாமான் விற்கும் தொழிலைத் தொடங்கினார். மாடல் எஞ்சினியர் என்ற பத்திரிகை 1898-ல் லண்டனில் தொடங்கப்பட்டிருந்தது. அதில் விளம்பரம் செய்தார். படங்களோடு விலைப்பட்டியல் புத்தகம் அச்சிட்டு அனுப்பினார். அவரே நல்ல போட்டோகிராபர். அதனால் படங்கள் துல்லியமாக இருந்தன.

தபால் வியாபாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. வாங்குகிறவர் சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. நூறு மைலுக்கு அப்பால் இருப்பவர் இந்த மாதம் சக்கரம் வாங்குவார். அடுத்த மாதம் தண்டவாளம் வாங்குவார். ஆறு மாதம் கழித்துப் பெட்டி வாங்குவார. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சரக்கு திரும்பி வரும், பெயரும் கெடும். ஆகவே அளவு என்பது அவருக்கு வாடிக்கைக்காரரிடம் கொடுத்த வாக்காக இருந்தது.

பாரிஸில் கிடைத்த நண்பர்

1900-ம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அதைப் பார்க்கப் போன பாசெட் லோக், ஜெர்மானியரின் பொம்மைத் தொழிலைக் கண்டு வியந்தார். நியூரம்பர்க் நகரைச் சேர்ந்த பிங் கம்பெனியின் ஸ்டீபன் பிங் என்பவரின் அறிமுகம் அங்கே கிடைத்தது. வாழ்நாள் முழுவதும் நீடித்த உறவு அது.

ஜெர்மானியருக்கு மலிவாகவும் நேர்த்தியாகவும் தகரத்தில் செய்யும் ஆற்றல் இருந்தது. ஆனால் அவர்களுடைய எஞ்சின்கள் எந்த நாட்டு எஞ்சினையும் போல இல்லை. இங்கிலாந்து எஞ்சின்களையே அசல் வரைபடம் பார்த்துச் செய்து தர முடியுமா என்று பாசெட் லோக் கேட்டார். பிங் ஒப்புக்கொண்டார். நார்த்தாம்ப்டன் வழியாக ஓடிய லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் பிளாக் பிரின்ஸ் எஞ்சின், அப்படி மாடலாக வந்தவற்றில் ஒன்று. தினமும் ஸ்டேஷனில் பார்த்த எஞ்சினை அதே நிறத்தில், அதே உருவத்தில் வீட்டில் ஓட்டலாம் என்றதும் ஆர்டர்கள் குவிந்தன.

வரைபடம் போட்டுத் தந்தவர் ஹென்றி கிரீன்லி. 1876-ல் பிறந்த அவர், லண்டனின் மெட்ரோபாலிடன் ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். ஒருவர் வியாபாரி, மற்றவர் எஞ்சினியர். இருவரும் சேர்ந்துதான் மாடல் ரயிலின் அளவு முறையை இங்கிலாந்தில் நிலைநிறுத்தினார்கள்.

கேஜ் வேறு, ஸ்கேல் வேறு

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேஜ் என்பது தண்டவாளங்களின் இடைவெளி. ஸ்கேல் என்பது அசலை எத்தனை பங்கில் ஒன்றாகக் குறைத்திருக்கிறோம் என்ற விகிதம்.

மாடல் கேஜ்களுக்கு நம்பர் கொடுத்தது மார்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனி. 1891-ல் லைப்சிக் சந்தையில் அந்த முறையை அறிமுகப்படுத்தினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுவிட்டார்கள். பிறகு அதைவிடச் சிறிய கேஜ் வந்தபோது, ஒன்றுக்குக் கீழே என்ன நம்பர் கொடுப்பது? ஜீரோ என்று வைத்தார்கள்.

நம்பர் மட்டும் போதவில்லை. தண்டவாளத்தின் மையத்திலிருந்து மையத்துக்கு அளப்பது ஜெர்மன் வழக்கம். உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளப்பது, பெரிய ரயிலைப் போலவே, இங்கிலாந்து வழக்கம். ஒரே நம்பரைச் சொல்லி இருவர் இரண்டு அளவைப் பேசினார்கள்.

இங்கிலாந்தில் நிலைபெற்ற கணக்கு இது: ஜீரோ கேஜ் ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லி மீட்டர். ஒன்றாம் நம்பர் ஒன்றேமுக்கால் அங்குலம், ஏறக்குறைய 45 மில்லி மீட்டர். இரண்டாம் நம்பர் 2 அங்குலம். மூன்றாம் நம்பர் இரண்டரை அங்குலம்.

ஸ்கேல் இதிலிருந்து பிறக்கிறது. இங்கிலாந்தின் அசல் பாதை 4 அடி எட்டரை அங்குலம், அதாவது 1,435 மில்லி மீட்டர். இதை 32-ல் வகுத்தால் 45 வருகிறது. ஆகவே ஒன்றாம் நம்பர் பாதையில் ஓடும் எஞ்சின், அசலில் 32-ல் ஒரு பங்கு உயரமும் 32-ல் ஒரு பங்கு நீளமும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது மாடல். இல்லையென்றால் அது வெறும் பொம்மை.

கிரீன்லி போட்ட கணக்கு வாங்குகிறவர்களுக்கும் எளிதாக இருந்தது. ஜீரோ கேஜுக்கு, அசலில் ஓர் அடி என்றால் மாடலில் 7 மில்லி மீட்டர். ஒன்றாம் நம்பருக்கு ஓர் அடிக்கு 10 மில்லி மீட்டர். ஒரு ஸ்கேல் குச்சியும் அசல் எஞ்சினின் அளவும் இருந்தால், பட்டறை வைத்திருக்கும் எவரும் சரியான மாடலைச் செய்துவிடலாம்.

பெரிய ஸ்கேலின் அருமை

ஸ்கேல் சிறிதாகும்போது நீளம் மட்டுமா குறைகிறது? நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகின்றன. 60 டன் எடையுள்ள எஞ்சினை அதே உலோகத்தில், 32-ல் ஒன்றாகக் குறைத்தால் எடை 32,768-ல் ஒரு பங்காகிவிடும். ஏறக்குறைய 1,800 கிராம். ஜீரோ கேஜில் அது 700 கிராம் சொச்சமே இருக்கும்.

நீராவிக்கு இது பெரிய இடைஞ்சல். பாய்லர் சிறுத்தால் அதில் கொள்ளும் தண்ணீர் மிக வேகமாகக் குறைகிறது. ஆனால் சூடு வெளியேறும் மேல்பரப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. சின்ன பாய்லர் சீக்கிரம் ஆறிவிடும், சீக்கிரம் வற்றியும் விடும். பாய்லர் பட்டறையில் வளர்ந்த பாசெட் லோக்குக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரிய ஸ்கேல் எஞ்சின்களை அவர் விடாமல் செய்து விற்றதற்கு இது ஒரு காரணம். கனமான எஞ்சின் தண்டவாளத்தைக் கவ்வி ஓடும். ஜாயிண்ட்டுகளில் தடதடவென்று உண்மையான சத்தம் எழும்.

ஆனால் பெரிய ஸ்கேலுக்குப் பெரிய இடம் வேண்டும். ஒன்றாம் நம்பர் வண்டி வளைந்து திரும்பத் தோட்டம் வேண்டும். ஜீரோவுக்கு ஒரு நல்ல ஹால் வேண்டும். தோட்டம் உள்ள பணக்காரர் எத்தனை பேர்? இந்தக் கேள்வி அவருடைய வியாபாரத்தைக் கடைசி வரை துரத்தியது.

ஆள் ஏறும் குட்டி ரயில்

இதற்கு நேர் எதிரான திசையிலும் அவர் போனார். சர் ஆர்தர் ஹேவுட் என்ற பிரபு, 15 அங்குலக் கேஜில் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்ல முடியும் என்று தம் பண்ணையில் பாதை போட்டுக் காட்டியிருந்தார். அதைவிடக் குறுகினால் வண்டி கவிழும் என்பது அவர் முடிவு.

பாசெட் லோக் 1904-ல் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். லிட்டில் ஜயண்ட் என்ற எஞ்சினைக் கிரீன்லி வடிவமைத்தார். அசலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 1905-ல் பிளாக்பூல் கடற்கரையில் அது ஓடத் தொடங்கியது. வார விடுமுறைக்கு வந்த மில் தொழிலாளர்களும் குழந்தைகளும் சில்லறை கொடுத்து ஏறிச் சென்றார்கள். பிறகு பிரான்ஸில் நான்சி, பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிகளிலும் இத்தகைய ரயில்கள் ஓடின.

இவற்றில் நிலைத்து நின்றது எஸ்க்டேல் பாதை. வடமேற்கு இங்கிலாந்தில் ராவன்கிளாஸ் என்ற கடலோர ஊரிலிருந்து மலைப்பள்ளத்தாக்குக்குச் செல்லும் 7 மைல் பாதை அது. இரும்புத் தாதுவுக்காக 1875-ல் 3 அடிக் கேஜில் போடப்பட்டது. சுரங்கம் நொடித்தது, வருமானம் இல்லை, 1913-ல் மூடிவிட்டார்கள். 1915-ல் பாசெட் லோக்கும் அவருடைய கூட்டாளியும் அதைக் குத்தகைக்கு எடுத்து, தண்டவாளங்களை நெருக்கி 15 அங்குலமாக்கி ஓட்டினார்கள். பெரிய வண்டி தோற்ற இடத்தில் குட்டி வண்டி பிழைத்தது. பின்னாளில் கருங்கல் கூட ஏற்றிச் சென்றது.

போர் குறுக்கே வந்தது

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. நியூரம்பர்க் சரக்கு நின்றுவிட்டது. இங்கிலாந்தில் ஜெர்மன் சாமான் என்றாலே மக்கள் முகம் சுளித்த காலம். அவர் கடையில் பெயர்பெற்ற எஞ்சின்கள் பலவும் ஜெர்மானியர் கைவேலை. பாசெட் லோக்குக்கு அது சோதனைக் காலம்.

அவருக்கென்று வேலை செய்த நார்த்தாம்ப்டன் தொழிற்சாலை போர்ப் பணிக்குத் திரும்பியது. ஆயுத உற்பத்திக்கு வேண்டிய துல்லிய அளவுக் கருவிகளை அங்கே செய்தார்கள். குட்டி ரயிலில் பழகிய கைகளுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் புதிதல்ல.

1917-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் புளோரன்ஸ் ஜேன், ஊரின் பெரிய பூட்ஸ் கம்பெனிக் குடும்பத்துப் பெண். டெர்ன்கேட் வீதியில் 78-ம் எண் வீட்டைப் புதுப்பிக்கும் வேலையைச் சார்லஸ் ரென்னி மாக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார். அந்தக் கலைஞர் அப்போது கையில் வேலையின்றி நொந்திருந்தார். அந்த வீட்டு மேஜை நாற்காலிகளில் சிலவற்றைச் செய்தவர்கள், ஐல் ஆப் மேன் தீவு முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜெர்மானியர்கள். நாடு முழுவதும் வெறுத்தவர்களின் கைத்திறனை அவர் மட்டும் மறக்கவில்லை.

போர் முடிந்ததும் பிங் கம்பெனியோடு வியாபாரம் மறுபடி தொடங்கியது. 1926-ல் புதிய வீடு கட்டியபோது பீட்டர் பெரன்ஸ் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞரையே அமர்த்தினார். போர் முடிந்து எட்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி வந்தது. ஸ்டீபன் பிங் யூதர். பழைய கம்பெனி போய், டிரிக்ஸ் என்ற வேறு கம்பெனியை அவர் நடத்தி வந்தார். அதையும் விட்டுவிட்டு, 1938-ல் இங்கிலாந்துக்கு வர நேர்ந்தது. 1900-ல் பாரிஸில் தொடங்கிய உறவு அப்போது உதவியது. டிரிக்ஸ் ரயில் ஏற்கெனவே பாசெட் லோக்கின் முயற்சியால் 1930-களின் நடுவிலிருந்தே நார்த்தாம்ப்டனில் தயாராகி வந்தது. ஒரே பாதையில் இரண்டு வண்டிகளைத் தனித்தனியாக ஓட்டலாம் என்பது அதன் சிறப்பு.

மேஜைக்கு வந்த சமரசம்

டிரிக்ஸ் ரயில் டபிள் ஜீரோ கேஜ். ஜீரோவில் ஏறக்குறைய பாதி, பதினாறரை மில்லி மீட்டர். 1922-லேயே பிங் கம்பெனி செய்த மேஜை ரயிலைப் பாசெட் லோக் விற்றிருந்தார். தோட்டம் இல்லாதவர், ஹால் இல்லாதவர், வாடகை வீட்டுக் குடித்தனக்காரர் கூடச் சாப்பாட்டு மேஜையில் ரயில் விடலாம் என்ற காலம் அப்போதுதான் பிறந்தது.

ஆனால் அளவில் ஒரு குறை புகுந்துவிட்டது. பதினாறரை மில்லி மீட்டர் பாதைக்குச் சரியான கணக்கு, ஓர் அடிக்கு மூன்றரை மில்லி மீட்டர். இங்கிலாந்து எஞ்சின்களோ அகலம் குறைந்தவை. அந்தக் கணக்கில் செய்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையாது. அதனால் உடலை மட்டும் ஓர் அடிக்கு 4 மில்லி மீட்டராகப் பெரிதாக்கினார்கள். பாதை அப்படியே நின்றது. பலன் என்ன? டபிள் ஜீரோ எஞ்சின் 4 அடி ஒன்றரை அங்குலப் பாதையில் ஓடுவது போல் ஆகிவிட்டது. முன்னால் நின்று பார்த்தால் குறுகிய காலில் பருத்த உடல். இங்கிலாந்தில் இன்றும் அதிகம் பேர் வாங்குவது அந்தக் கேஜைத்தான்.

கேஜும் ஸ்கேலும் ஒத்துப்போக வேண்டும் என்று ஊருக்குச் சொன்னவர்களே இதற்கும் காரணமானார்கள். ஏழைக்கு எட்டும் விலையா, அளவில் உண்மையா என்ற கேள்வியில் முதலாவது வென்றது.

ஊருக்கும் உழைத்தார்

பாசெட் லோக் சோஷலிசக் கொள்கையில் பற்றுள்ளவர். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா அவருடைய நண்பர், அவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியவர். தொழிற்கட்சி சார்பில் 1930-ல் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குளியலறை இல்லாத தொழிலாளர் வீடுகள் நிறைந்த ஊரில் பொதுக் குளியல் கட்டடமும் நீச்சல் குளமும் 1936-ல் திறக்கப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. ஊர் நாடக அரங்கத்துக்கும் துணை நின்றார்.

இரண்டாம் உலகப் போரில் அவருடைய ஸ்கேல் மாடல்கள் ராணுவத்துக்கே தேவைப்பட்டன. 1944-ல் நார்மண்டிக் கரையில் படைகளை இறக்க மிதக்கும் துறைமுகம் அமைக்கப்பட்டது. அதன் மாடல்களைச் செய்தவர்கள் நார்த்தாம்ப்டன் தொழிலாளிகள். ஸ்கேல் தவறினால் அங்கே உயிர் போகும்.

1953-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, 75-வது வயதில் பாசெட் லோக் காலமானார். பிளாஸ்டிக்கும் மலிவு ரயில்களும் பெருகியதால், 1960-களின் நடுவில் அவருடைய கடைகளும் மாடல் ரயில் விற்பனையும் முடிவுக்கு வந்தன.

இன்றும் அதே 45

அவர் விட்டுச் சென்ற அளவு அழியவில்லை. 1968-ல் நியூரம்பர்க் நகரின் லேமான் கம்பெனி, எல்.ஜி.பி. என்ற தோட்ட ரயிலைக் கொண்டுவந்தது. அது ஓடியது பழைய ஒன்றாம் நம்பரின் 45 மில்லி மீட்டர் பாதையில்தான். ஆனால் ஸ்கேல் 32-ல் ஒன்று அல்ல, இருபத்திரண்டரையில் ஒன்று. காரணம், அவர்கள் மாடல் செய்தது மலையேறும் மீட்டர் கேஜ் வண்டிகளை. 1,000 மில்லி மீட்டரை இருபத்திரண்டரையால் வகுத்தால் 44 சொச்சம் வருகிறது. கணக்கு நேர்மையானது.

ஊட்டி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். அதை அளவு தவறாமல் மாடல் செய்ய விரும்புகிறவருக்கு அந்த 45 மில்லி மீட்டர் பாதையும் அந்த ஸ்கேலும் அப்படியே பொருந்தும். பிராட்கேஜ் எஞ்சினை அதே பாதையில் நிறுத்த வேண்டுமானால் ஏறக்குறைய 37-ல் ஒன்றாகக் குறைக்க வேண்டும். அமெரிக்காவில் 29-ல் ஒன்று என்ற ஸ்கேலிலும் வண்டிகள் விற்கின்றன. அவை எல்லாமே 45-ல் ஓடும். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் ஒத்துவராது. வாங்கும்போது கேஜை மட்டும் கேட்டால் போதாது, ஸ்கேலையும் கேட்க வேண்டும்.

டெர்ன்கேட் 78-ம் எண் வீடு இப்போது மக்கள் பார்க்கும் நினைவில்லம். எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் 15 அங்குல ரயில் 1960-ல் ஏலத்துக்கு வந்தது. அப்போது ரயில் ஆர்வலர்கள் சேர்ந்து அதைக் காப்பாற்றினார்கள். 7 மைல் பாதையில் அது இன்றும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது.